73 பந்துகள் போதும் என்று சொன்னது யார்?

கெவின் கேஷ் ஒரு மோசமான மேனேஜர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆளைத் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த பருவத்துக்குப் போய்விடலாம். ஆனால் அவர் மோசமானவர் இல்லை. அந்த 2020ஆம் ஆண்டுக்கே அமெரிக்கன் லீக்கின் சிறந்த மேனேஜர் விருதை வாங்கியவர், மறு வருடமும் வாங்கினார். என் புகார் வேறு. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், ஆறாவது இன்னிங்ஸில், தம்பா பே ரேஸ் அணிக்கு மேனேஜரே இல்லை. அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு விதி டக்அவுட்டிலிருந்து எழுந்து நடந்து வந்தது.

நான் 2014 முதல் பேஸ்பால் பார்க்கிறேன். மலேசியாவில் இதை வெளியே சொன்னால், "அது சாஃப்ட்பால்தானே மச்சான், ஸ்கூல்ல பொண்ணுங்க விளையாடுவாங்களே?" என்பார்கள். மாமாக் கடைத் திரையில் காற்பந்து ஓடும்போது நான் கைப்பேசியில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வசதி உண்டு. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பேஸ்பால் பருவத்தில் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் இங்கே காலை எட்டு. பசியாறிக்கொண்டே பார்க்கலாம். அந்த ஆறாவது ஆட்டம் நடந்தபோது எனக்குப் பல்கலைக்கழக இணைய வகுப்பு. கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்தேன். விரிவுரையாளர் என்ன நடத்தினார் என்று இன்றுவரை தெரியாது. ப்ளேக் ஸ்னெல் என்ன வீசினார் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

இலக்கிய இதழில் பேஸ்பால் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. ஜான் அப்டைக் 1960இல் டெட் வில்லியம்ஸின் கடைசி ஆட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை அமெரிக்கர்கள் இன்னும் வாசிக்கிறார்கள். பெர்னார்ட் மாலமுட்டின் முதல் நாவலே பேஸ்பால் நாவல்தான். விளையாட்டைப் பற்றித் தீவிரமாக எழுதக்கூடாது என்பது நாமாகப் போட்டுக்கொண்ட தீட்டு. அதோடு விடுகிறேன், விஷயத்துக்கு வருவோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். 9 பேட்டர்கள் வரிசையாக வருவார்கள். ஒன்பதாமவர் முடிந்ததும் மறுபடி முதலாமவர். பந்து வீசுபவர் பிட்சர். கிரிக்கெட்டைப் போல ஆறு பந்துக்கு ஒருமுறை ஆள் மாற்றும் சங்கதி கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே வீசிக்கொண்டிருப்பார், மேனேஜர் நடந்து வந்து பந்தைக் கையிலிருந்து வாங்கும் வரை. வாங்கிவிட்டால் முடிந்தது. அன்றைக்கு அவர் மறுபடி வீச வரவே முடியாது. இதைக் கவனியுங்கள். கிரிக்கெட் கேப்டன் பும்ராவை நிறுத்திவிட்டு நாலு ஓவர் கழித்துத் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் பந்தை வாங்குவது, வீட்டைப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறிவது மாதிரி.

இப்போது அந்தக் காட்சி. 2020 அக்டோபர் 27, அமெரிக்க நேரப்படி. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் தொடரில் 3-2 என முன்னணியில். தோற்றால் ரேஸுக்கு ஊருக்கு டிக்கெட். ரேண்டி அரோசரேனா முதல் இன்னிங்ஸிலேயே அடித்த ஹோம் ரன்னால் ரேஸ் 1-0 முன்னிலை. ஸ்னெல் அன்று வீசியதை நல்ல பந்துவீச்சு என்று சொன்னால் குறைத்துச் சொல்வது. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் எடுத்தபோது அவர் கணக்கில் 9 ஸ்ட்ரைக் அவுட். ஒருவரைக்கூட இலவசமாக நடக்கவிடவில்லை. டாட்ஜர்ஸ் வரிசையின் முதல் மூன்று பேர் மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர். மூவரும் தலா இரண்டு முறை வந்தார்கள், ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்தார், அது அன்று ஸ்னெல் கொடுத்த இரண்டாவது ஹிட். அடுத்து மூன்றாவது சுற்றுக்கு பெட்ஸ் வருகிறார். ஸ்னெல் வீசியிருந்தது 73 பந்துகள்.

கேஷ் படியேறி வந்தார். ஸ்னெல் வாய்விட்டு என்னவோ சொன்னார், தொலைக்காட்சியில் உதட்டைப் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும், இங்கே எழுத முடியாது. நிக் ஆண்டர்சன் வந்தார். பெட்ஸ் டபுள் அடித்தார். ஒரு வைல்ட் பிட்ச், ஆட்டம் சமன். சீகர் தரையில் உருட்டிவிட்ட பந்தில் பெட்ஸ் ஓடிவந்து இரண்டாவது ரன். எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸ் ஹோம் ரன். 3-1. டாட்ஜர்ஸ் சாம்பியன், 1988க்குப் பிறகு முதல் முறை.

இதற்கு எண் பக்தர்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். "முடிவைப் பார்க்காதே, முறையைப் பார். முறை சரி, அதிர்ஷ்டம் சரியில்லை." ஒரு பிட்சரை ஒரே பேட்டர் மூன்றாவது முறை சந்திக்கும்போது நன்றாக அடிக்கிறார் என்பது பல்லாயிரம் ஆட்டங்களின் தரவு. பந்து எப்படி வருகிறது என்று கண் பழகிவிடுகிறது, கையும் களைத்திருக்கும். கேஷும் ஆட்டத்துக்குப் பிறகு இதையேதான் சொன்னார்: பெட்ஸும் சீகரும் மூன்றாம் முறை ஸ்னெல்லைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாராம்.

இந்தத் தரவை நான் மறுக்கவில்லை. வேலையே எனக்கு அதுதான். பினாங்கில் சிப் தொழிற்சாலையில் தரவு பார்க்கும் பொறியாளன். எண்களைக் கண்டால் அலர்ஜி உள்ள ரொமான்டிக் ரசிகன் நான் இல்லை. என் கேள்வி, அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்பது. மூன்றாம் சுற்றுத் தரவு, ஸ்னெல்லை முதல் சுற்று ஸ்னெல்லோடு ஒப்பிடுகிறது. மேனேஜரிடம் இருந்த தேர்வு அது இல்லையே! கொஞ்சம் மங்கிய ஸ்னெல்லா, இல்லை அன்றைய ஆண்டர்சனா? இதுதான் தேர்வு. அந்த அக்டோபரில் ஆண்டர்சன் களைத்துப் போயிருந்தார். அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களில் இறங்கிய ஆறிலும் ரன் கொடுத்திருந்தார். பருவம் முழுக்க அவர் அற்புதமாக வீசியவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்டோபர் 27ஆம் தேதி அவர் அந்த ஆள் இல்லை.

இன்னொரு எண். பெட்ஸ் அந்தப் பருவத்தில் இடக்கை பிட்சர்களுக்கு எதிராக எடுத்த பேட்டிங் சராசரி .200. வலக்கைக்காரர்களுக்கு எதிராக .323. ஸ்னெல் இடக்கை. ஆண்டர்சன் வலக்கை. இடக்கைப் பந்தைத் தொடவே திணறிய ஒருவருக்காக இடக்கைக்காரரை வெளியே அனுப்பி, வலக்கைக்காரரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்ஸும் பிறகு தன் சந்தோஷத்தை மறைக்கவில்லை.

அதனால் "கேஷ் கணினியை நம்பிக் கெட்டார்" என்று பழைய தலைமுறை விமர்சகர்கள் பொங்கியபோதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எந்தக் கணினி? மேசையில் இருந்த எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டது எண்ணைப் பின்பற்றுவதா? எங்கள் தொழிற்சாலையில் ஒரு அக்கா இருக்கிறார். தோட்டத்திலிருந்து வந்து 25 வருடமாக அதே லைனில் நிற்பவர். வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் கோட்டுக்குள்ளேயே இருக்கும்போதுகூட, "தம்பி, இன்னிக்கு மிஷின் சத்தம் சரியில்ல" என்பார். நிறுத்திப் பார்ப்போம். அவர் காதும் ஒரு அளவுகோல், கணக்கில் சேர வேண்டியது. வரைபடம் வந்ததே ஆளைப் பார்க்கச் சொல்லத்தான். ஆளைப் பார்க்காமல் இருப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை.

சரி, இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் செய்தார்? இங்கேதான் 2003க்குப் போக வேண்டும்.

2003 அக்டோபர் 16, யாங்கி ஸ்டேடியம். பாஸ்டன் ரெட் சாக்ஸ், யாங்கீஸ், ஏழாவது ஆட்டம். ஜெயிப்பவர் உலகத் தொடருக்கு. பாஸ்டன் 1918க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதே இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் 5-2 முன்னிலை, இன்னும் ஐந்து அவுட் போதும். பெட்ரோ மார்டினெஸ் களைத்துவிட்டார். டெரக் ஜீட்டர் டபுள், பெர்னி வில்லியம்ஸ் சிங்கிள். மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து வந்தார், பெட்ரோவிடம் கேட்டார், பெட்ரோ முடியும் என்றார், லிட்டில் திரும்பிப் போனார். மட்சுயி டபுள், பொசாடா டபுள், 5-5. பதினொன்றாவது இன்னிங்ஸில் ஆரன் பூன் ஹோம் ரன் அடித்து முடித்தார். சில நாளில் லிட்டிலுக்கு வேலை போனது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

லிட்டில் எடுத்தது தவறான முடிவு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 115 பந்து வீசிய, அடி வாங்கிக்கொண்டிருந்த பிட்சரை விட்டுவைத்தார். ஆனால் அவர் முடிவெடுத்தார், அதற்கான விலையைத் தானே கட்டினார். கேஷோ 17 வருடம் கழித்து, யாராலும் தொட முடியாத பிட்சரை எடுத்துவிட்டுத் தோற்றார், வேலையில் தொடர்ந்தார். விதியை மீறித் தோற்றால் நீ முட்டாள். விதிப்படி தோற்றால் விதிக்கு அதிர்ஷ்டம் இல்லை. இந்தக் கணக்கு எல்லா மேனேஜருக்கும் தெரியும். மேலே கண்ணாடி அறையில் பட்டதாரிகள் காலையிலேயே அட்டவணை தயாரித்துக் கொடுக்கிறார்கள், கீழே மேனேஜர் அதை இரவில் நிறைவேற்றுகிறார். தோற்ற பிறகு ஒலிவாங்கி முன்னால் வந்து நிற்க மட்டும் அவர் வேண்டும். கேஷ் அந்த இரவு ஸ்னெல்லைக் கண்டு பயந்தார் என்று நான் நினைக்கவில்லை. லிட்டிலாகிவிடுவோமோ என்று பயந்தார்.

இதில் அழிந்துகொண்டிருப்பது ஒரு கலை. கேட்ஃபிஷ் ஹன்ட்டர் 1975இல் தன்னந்தனியாக 30 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை வீசினார். 2024இல் 30 அணிகளும் சேர்ந்து, அத்தனை பிட்சர்களும் சேர்ந்து, அப்படி முடித்த ஆட்டங்கள் 28. முழு ஆட்டம் வீசுகிறவர் முதல் சுற்றில் ஒரு பந்தை ஒளித்துவைப்பார். ஏழாவது இன்னிங்ஸில் அதே பேட்டர் வரும்போது அதை வெளியே எடுப்பார். களைத்துப்போன கையை வைத்துக்கொண்டு மூளையால் வீசுவார். நாவல் எழுதுகிறவர் முதல் அத்தியாயத்தில் போட்ட முடிச்சை இருபதாவதில் அவிழ்ப்பது மாதிரி. இப்போது நமக்குக் கிடைப்பது ஆறேழு பேர், ஆளுக்கு இருபது பந்து, எல்லாமே மணிக்கு 100 மைல். வேகம் பிரமாதம்தான். ஆனால் யார் வீசினார் என்று மறுநாள் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

"கையைக் காப்பாற்றத்தானேப்பா குறைத்து வீசவைக்கிறார்கள்" என்று ஒரு மனிதாபிமான வாதம் வரும். சேண்டி அல்காந்தராவைக் காட்டுவார்கள். 2022இல் 6 ஆட்டங்களை முழுதாக வீசி சை யங் விருது வாங்கினார், 2023 அக்டோபரில் முழங்கை அறுவை சிகிச்சை, 2024 முழுக்க இல்லை. உண்மைதான். அப்படியானால் ஜேக்கப் டிக்ரோமையும் பாருங்கள். 2021இல் 92 இன்னிங்ஸ், 2022இல் 64, 2023இல் 30, பிறகு இரண்டாவது முறையாக அதே அறுவை சிகிச்சை. குறைத்து வீசியது அவர் கையைக் காப்பாற்றியதா? லீக்கே 2024 இறுதியில் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு பந்தையும் உச்சபட்ச பலத்தோடும் வேகத்தோடும் வீசுவதைத்தான் காரணமாகச் சுட்டியது. ஐந்து இன்னிங்ஸ்தான் என்று சொல்லி அனுப்பினால் யார்தான் அடக்கி வீசுவான்?

அந்தக் காலமே பொற்காலம் என்று யாரும் என் வாயில் வார்த்தையைப் போட வேண்டாம். 1998இல் ஜப்பானின் கோஷியென் பள்ளிப் போட்டியில் டைசுகே மட்சுசாகா ஒரே ஆட்டத்தில், 17 இன்னிங்ஸில், 250 பந்து வீசினார். பள்ளிப் பையன். அதை வீரம் என்று கொண்டாடுபவர்கள் பக்கமும் நான் இல்லை. 73க்கும் 250க்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது, அந்த இடத்தில் நின்று முடிவெடுக்கத்தான் மேனேஜர் என்ற பதவியே.

பிளேஆஃப் விஷயத்துக்கு வருகிறேன். 2001 சியாட்டில் 116 ஆட்டம் ஜெயித்தது, உலகத் தொடருக்கே போகவில்லை. 2022 டாட்ஜர்ஸ் 111 வெற்றி, முதல் தொடரிலேயே காலி. 2023இல் 100 வெற்றியைத் தொட்ட மூன்று அணிகள் அட்லான்டா, பால்டிமோர், டாட்ஜர்ஸ். பிளேஆஃபில் மூன்றும் சேர்ந்து ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். இறுதியில் மோதியவை 90 வெற்றி டெக்சஸும் 84 வெற்றி அரிசோனாவும். பிளேஆஃப் என்பதே லாட்டரி என்று எண் பக்தர்கள் தோளைக் குலுக்குவார்கள். சரி, லாட்டரியாகவே இருக்கட்டும். 162 ஆட்டத்தில் ஒரு சராசரி விதி பலன் கொடுக்கும், ஏனென்றால் இன்று ஏமாற்றினால் மிச்சமுள்ள ஆட்டங்களில் ஈடுகட்டிவிடும். தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டத்தில் எதை வைத்து ஈடுகட்டப் போகிறீர்கள்? அங்கே மிச்சம் ஏது? ஒரே பிட்சர், ஒரே பேட்டர், ஒரே இரவு. பிளேஆஃபை லாட்டரி என்றும் சொல்லிக்கொண்டு, அதில் நீண்டகாலச் சராசரியை வேதமாகவும் ஓதுவது எந்த ஊர் நியாயம்?

என் கண்ணில் இருப்பவர்களில் பெரிய மேனேஜர் புரூஸ் போச்சி. 2014 ஏழாவது ஆட்டத்தில், மூன்று நாள் முன்புதான் முழு ஆட்டம் வீசியிருந்த மேடிசன் பம்கார்னரை ஐந்தாவது இன்னிங்ஸில் கொண்டுவந்தார். பம்கார்னர் கடைசி வரை போனார். 5 இன்னிங்ஸ், 68 பந்து, ரன் இல்லை, கோப்பை சான் பிரான்சிஸ்கோவுக்கு. நான் பார்த்த முதல் உலகத் தொடர் அது. என் ரசனை அங்கேயே கெட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்ற போச்சியை டெக்சஸ் திரும்ப அழைத்தது, வந்த முதல் வருடமே 2023 கோப்பை. அவரும் தரவு பார்ப்பவர்தான். பிட்சரின் முகத்தையும் பார்ப்பார், அவ்வளவே.

டேவ் ராபர்ட்ஸ் இன்னும் சுவாரசியமான ஆள். (2004இல் பாஸ்டனின் சாபத்தை உடைத்த அந்த ஒற்றை ஸ்டீலை எடுத்தவர் இவரே. அதற்காகவே அவர் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.) டாட்ஜர்ஸ் மேனேஜராக அவர் செய்ததெல்லாம் என் வயிற்றெரிச்சல். 2018 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் ஒரே ஒரு ஹிட் கொடுத்திருந்த ரிச் ஹில்லை 91 பந்தில் எடுத்தார், 4-0 முன்னிலை 9-6 தோல்வியானது. 2022 ஏப்ரலில் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் ஒரு ஆளைக்கூட தளத்தில் ஏற்றாமல் வீசியிருந்தார், 80 பந்தில் போதும் என்றார். அதே ராபர்ட்ஸ்தான் 2025இல் யோஷினோபு யமமோட்டோவை அடுத்தடுத்து இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களை முழுதாக வீசவிட்டார், 111 பந்து, அப்புறம் 105. 2001இல் கர்ட் ஷில்லிங்குக்குப் பிறகு யாரும் செய்யாதது. டொரோன்டோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசியவரை மறுநாளே ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் இறக்கினார். பதினொன்றாவது இன்னிங்ஸில் 5-4, கோப்பை.

ராபர்ட்ஸ் ஞானம் பெற்றுவிட்டார் என்று ரசிகர்கள் எழுதினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்த வருடம் அவருடைய மாற்றுப் பிட்சர்கள் படுமோசம், வேறு ஆள் இல்லாமல் நம்பினார். ஆனாலும் பாருங்கள், கதவைத் தட்டுவதற்கு ஆளில்லாத ஒரு வருடத்தில்தான் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பிளேஆஃப் பந்துவீச்சு நமக்குக் கிடைத்தது. நம்பிப் பார்த்திருந்தால் முன்பே எத்தனை கிடைத்திருக்கும்? யமமோட்டோ ஜப்பானில் 2023இல் ஓரிக்ஸ் அணிக்காகத் தன் கடைசி ஆட்டத்தில் 138 பந்து வீசி முடித்தவர். முழுதாக வீசும் பழக்கத்தோடு வந்தார். இங்கே வளரும் பையன்களுக்கு அந்தப் பழக்கமே வராது, பதினாறு வயதிலேயே வேகமானி முன்னால் நிறுத்திவிடுகிறார்கள்.

பிரசங்கத்தால் இது மாறாது, விதியை விதியால்தான் மாற்ற வேண்டும். அட்லான்டிக் லீக்கில் 2021இல் ஒன்றைப் பரிசோதித்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சரை வெளியே எடுத்தால், அவருக்குப் பதிலாக அடிக்க மட்டும் நிற்கும் அந்த ஒன்பதாவது பேட்டரையும் அணி இழக்க வேண்டும். ஸ்னெல்லை 73 பந்தில் எடுக்கிறாயா, எடு. ஆனால் உன்னுடைய ஒரு நல்ல பேட்டரையும் கூடவே உள்ளே அனுப்பு. மேஜர் லீக் இதை நாளைக்கே கொண்டுவரட்டும் என்பது என் கட்சி. வீசவும் அடிக்கவும் தெரிந்த ஷோஹெய் ஓதானிக்கு மட்டும் இது சாதகமாகிவிடும் என்று சண்டைக்கு வருவார்கள். ஆகட்டுமே, இரண்டும் தெரிந்த ஆளுக்கு இரண்டு லாபம் கிடைத்தால் யாருக்கு என்ன குறை?